மொட்டை மாடிக்குப் போன ஆர்க்கிட்

போன முறை மல்லிகையைக் கவாத்து செய்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, "ஆர்க்கிட் பற்றியும் எழுதுங்களேன். கடையில் வாங்கும்போது பூவும் கையுமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்த பிறகு பூப்பேனா என்கிறது" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள்.

எழுதலாம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. அதனால் முதலில் என் நாத்தனாரிடம் கேட்டுக்கொண்டேன். "தாராளமா எழுதுங்க அண்ணி, ஆனா என் பேரைப் போட்டுடாதீங்க" என்றாள். பெயர் போடாமலே சொல்கிறேன்.

நாங்கள் சேலத்துக்காரர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், மார்கழி விடுமுறையில், நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஏற்காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். வரும்போது கையில் இரண்டு தொட்டி. ஒன்று டென்ட்ரோபியம், கரும்புக் கன்று மாதிரி கணுக்கணுவாகத் தண்டு, நுனியில் ஊதா நிறத்தில் கொத்துப் பூ. இன்னொன்று ஃபெலனாப்சிஸ். வாயில் நுழையாத பெயர். பட்டாம்பூச்சி ஆர்க்கிட் என்று சொன்னால் போதும், அகலமான நாலைந்து இலையும், வளைந்த காம்பில் வரிசையாக வெள்ளைப் பட்டாம்பூச்சி உட்கார்ந்தாற்போலப் பூவுமாக இருக்கும். "உங்க கைராசிக்கு இது நல்லா வரும் அண்ணி" என்று என்னிடம் கொடுத்தாள்.

அந்தப் பூ பங்குனி வரை வாடவில்லை! வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பிளாஸ்டிக் பூவோ என்று தொட்டுப் பார்த்தார்கள். விலை உயர்ந்த செடி, மேலே வெயில் படக்கூடாது என்று ஹாலில் ஷோகேஸ் பக்கத்து மூலையில் வைத்து, தினமும் துடைத்து, தண்ணீர் விட்டு, சீமந்தப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டேன். பூ உதிர்ந்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷம் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. இலை மட்டும் கன்னங்கரேலென்று பச்சைப் பசேலென இருந்தது. அதைப் பார்த்துச் செடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

போன வருஷம் போகியன்று நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு நாத்தனார் வந்திருந்தாள். என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, கிழிந்த பாய், ஓட்டை முறம், உடைந்த நாற்காலி என்று கழிக்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்வை மூலைக்குப் போயிற்று.

"மூணு வருஷமா தண்ணிதான் குடிக்குது. மலட்டுச் செடிய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதையும் தூக்கி வெளியில போடு."

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். நாத்தனார் கோலமாவு டப்பாவும் கையுமாக வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம்.

என் மாமியார் பொல்லாதவர் இல்லை. பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போனதும் அவர்தான், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அழுததும் அவர்தான். செடியைத்தான் சொன்னார். ஆனால் சொல் போய்த் தைத்த இடம் வேறு. அவருக்கும் அது உறைத்துவிட்டது. வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார். நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய்ப் பெரிய கோலமாகப் போட்டாள், எப்போதையும்விடப் பெரியதாக. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு தொட்டியையும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டேன்.

கோபத்திலும் அவசரத்திலும் செய்த காரியம் எப்படி இருக்கும்? மொட்டை மாடியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், திறந்த வெயிலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். தை மாத வெயில்தானே என்று எண்ணம். காணும் பொங்கல் கழித்துப் போய்ப் பார்த்தால் பட்டாம்பூச்சிச் செடியின் இலையில் ரூபாய் அகலத்துக்கு வெளுத்த திட்டு. இரண்டு நாளில் அது பழுப்பாகி, காய்ந்து, சருகாயிற்று. இரண்டு இலை போயே போய்விட்டது. மூன்று வருஷம் நிழலிலேயே இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் வேகத்தானே செய்யும்? ஹாலில் வைத்தது ஒரு தப்பு என்றால், மாடியில் வைத்தது அதற்கு நேர் எதிரான இன்னொரு தப்பு.

அந்த மாதக் கடைசியில் இவரை நச்சரித்து ஏற்காட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊர். அங்கே மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. நம் நாட்டு ஆர்க்கிட்களை வகைவகையாக அங்கே வளர்க்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, செடி வாங்கிய நர்சரி பக்கம் போனோம். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் என் புலம்பலை ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"பூவை அப்புறம் பேசலாம் தாயி. இலை என்ன நெறத்துல இருக்கு? அதச் சொல்லுங்க."

"நல்ல கரும்பச்சைங்க. பளபளன்னு இருக்கும்."

"அப்ப அது வெளிச்சத்துக்கு ஏங்குது. கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தயும் விடாமப் புடிக்கத்தான் இலை அப்படிக் கறுக்குது. டென்ட்ரோபியம் இலை எளம்பச்சையா, லேசா மஞ்சளோடினாப்புல இருக்கணும்."

பிறகு எங்களை வெளியே அழைத்துப் போய்க் காப்பித் தோட்டத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரத்தைக் காட்டினார். நடுக்கிளை ஒன்றில் கவட்டையில் ஓர் ஆர்க்கிட் வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாருங்க, அடிமரத்துலயும் இல்ல, உச்சியிலயும் இல்ல. அது இருக்கிற எடத்துல எவ்வளவு வெயில் விழுது, எவ்வளவு காத்து அடிக்குதுன்னு பாருங்க. அதான் உங்க வீட்லயும் வேணும்."

அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. இலைகளுக்கு நடுவில் வெயில் சல்லடையில் சலித்த மாவு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நிலைத்து நிற்காமல் காற்றில் நகர்ந்துகொண்டே இருந்தது. டென்ட்ரோபியம் என்ற கிரேக்கப் பெயருக்கே மரத்தில் வாழ்வது என்றுதான் அர்த்தமாம். மரத்தில் வாழ்கிறதே தவிர, நம் புல்லுருவி போல மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டும் மரத்துடையது. சாப்பாடு வெளிச்சத்திலிருந்து, தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும். அப்படிப்பட்டதை ஷோகேஸ் பக்கத்தில் வைத்தால் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். பூ என்பது செடிக்குப் பெரிய செலவு, நம் வீட்டுக் கல்யாணச் செலவு மாதிரி. அன்றாடச் சாப்பாட்டுக்கே இழுபறி என்றால் கல்யாணத்துக்கு எங்கே போவது?

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மீட்டர் எதுவும் வேண்டாம். பெரியவர் சொல்லிக்கொடுத்த கைச்சோதனை இருக்கிறது. உச்சி வேளையில், செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாக, ஓரம் கூர்மையாக நிழல் விழுந்தால் அது கடும் வெயில். வாண்டா வகைக்கு ஒருவேளை சரிப்படும், மற்றவை தாங்காது. கை என்று தெரிகிறது, ஆனால் ஓரம் சற்று மங்கல் என்றால் டென்ட்ரோபியத்துக்குச் சரியான இடம். கலங்கலாக, ஏதோ நிழல் என்று மட்டும் தெரிந்தால் பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் அது ஆர்க்கிட்டுக்கு உகந்த இடமே இல்லை. எங்கள் ஹால் மூலையில் வந்து பிடித்துப் பார்த்தேன். நிழலாவது மண்ணாவது!

வீட்டுக்கு வந்ததும் மாடியில் நாலு கம்பு நட்டு, பச்சை நிழல்வலை கட்டச் சொன்னேன். கடையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த அளவு வெயிலை மறைக்கும் என்று பொருள். டென்ட்ரோபியத்துக்கு 50. பட்டாம்பூச்சிக்கு 75, இல்லாவிட்டால் 50 சதவீத வலையை இரண்டு மடிப்பாகப் போடலாம். மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். கிழக்குப் பார்த்த பால்கனியோ ஜன்னலோ இருந்து, காலை ஒன்பது, ஒன்பதரை வரை இளவெயில் பட்டால் போதும். மேற்கு வெயில் மட்டும் ஆகாது; அதற்குக் கட்டாயம் வலையோ மெல்லிய திரையோ வேண்டும்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதல் வாரம் காலையில் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம் என்று பழக்கி, மூன்று வாரம் கழித்துத்தான் வலைக்குக் கீழே நிரந்தரமாக வைத்தேன். பகலில் போய் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான். கைக்குச் சுட்டால் உடனே நகர்த்திவிட வேண்டும். திட்டு விழுந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அந்த இலை மறுபடி பச்சையாகாது.

அடுத்து உஷ்ணம். இதில்தான் இரண்டு செடிக்கும் குணம் வேறு வேறு.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டென்ட்ரோபியத்தின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வடகோடியும் நியூகினியும். அதனால் நம் ஊர்ச் சூடு அதற்குப் பழக்கம்தான். பகல் 35 டிகிரி வரை அலட்டிக்கொள்ளாது. ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. அதற்கு வேண்டியது வெளிச்சமும் ஈரக்காற்றும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் 38, 39 டிகிரி போகும். அப்போது சாயங்காலம் தொட்டியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்தேன். அடி தண்ணீரில் படாமல் கல்மேல் நிற்க வேண்டும்.

வைகாசியில் தண்டின் அடியில் புதுக்குருத்து இரண்டு வந்தது. அதற்குமுன் நான் இலையுதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிட இருந்தேன். நல்லவேளை, வெட்டவில்லை. அவைதான் செடியின் உக்கிராண அறை. தண்ணீரும் சத்தும் அதில்தான் சேமித்து வைத்திருக்கும். சில சமயம் அந்த மொட்டைத் தண்டிலேயேகூடப் பூ வரும்.

பட்டாம்பூச்சி ஆர்க்கிட் சமாசாரம் வேறு. அதற்கு இலை வளர உஷ்ணம் வேண்டும், பூவுக்குக் குளிர்ச்சி வேண்டும். எப்போதும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிர, பூங்காம்பு விடாது. ராத்திரி 18 முதல் 20 டிகிரி, பகலில் 25-ஐ ஒட்டி என்று நாலைந்து வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் பூக்கும் யோசனையே அதற்கு வரும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரியாவது குறைவாக இருக்கும். அங்கே நர்சரியில் அது தானாகப் பூத்ததில் ஆச்சரியம் என்ன? நமக்குக் கிடைப்பது மார்கழி, தை மட்டுமே. அதையும் வீட்டுக்குள் வைத்துக் கோட்டைவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே கார்த்திகைக் கடைசியில் அதை மாடியிலிருந்து இறக்கினேன். மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். பின்கட்டில், கிணற்றடிக்கு வடக்கே, கொய்யா மரத்தடியில் ஈர மண் இருக்கும் இடத்தில் ஒரு முக்காலி போட்டு வைத்தேன். தெர்மாமீட்டரையும் அங்கேயே தொங்கவிட்டேன். விடியற்காலையில் 19 காட்டிற்று. பகல் பதினொரு மணிக்கும் 25-ஐத் தாண்டவில்லை.

என் மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. போகிக்குப் பிறகு அவர் அந்தச் செடியைப் பற்றி நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், "மேல எல்லாம் எப்படி இருக்கு?" என்பார். துணி காய்ந்ததா என்று கேட்பதாக முதலில் நினைத்தேன்! நவராத்திரியில் டென்ட்ரோபியத்தின் புதுத் தண்டு இரண்டிலும் பூ வந்ததும் தொட்டியைக் கீழே கொண்டுவந்து அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொலுவுக்கு ஒரு கொத்து வைக்கட்டுமா என்று கத்தரிக்கோலை எடுத்தேன். "வெட்டாத. அவ வந்து பாக்கட்டும்" என்றார்.

பட்டாம்பூச்சிச் செடி கிணற்றடிக்கு வந்த பிறகு, காலையில் வெந்நீருக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் அதன் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தார். தை மாதம் ஒருநாள், "இங்க வா, இது வேரா, என்னது?" என்று குரல் கொடுத்தார். இலை இடுக்கில் பச்சையாக ஒரு முளை. வேருக்கு நுனி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பூங்காம்புக்கு நுனி சற்றே தட்டையாக, கட்டைவிரலோடு சேர்த்த கையுறை மாதிரி இருக்கும். பார்த்தேன், பூங்காம்பேதான்! முதலில் கண்டுபிடித்தவர் அவர். பிறகென்ன, அந்தச் செடிக்கு என்னைவிட அவர்தான் காவல்.

காம்பு கிளம்பிய பிறகு தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். வெளிச்சம் வரும் பக்கம் பார்த்துத்தான் அது வளரும். நீங்கள் திருப்பினால் மொட்டுகள் ஆளுக்கொரு திசை பார்க்கும். இடத்தையும் மாற்றக்கூடாது. நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மொட்டு பட்டாணி அளவு வந்ததும், பூனை தட்டிவிடுமோ என்று பயந்து சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். அங்கே வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றே நாளில் நுனியிலிருந்த நாலு மொட்டு மஞ்சளித்து உதிர்ந்துவிட்டது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வருமாம்; பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு மொட்டையும் உதிர்த்துவிடும். அடுப்புப் புகையும் ஆகாது. மாமியார் என்னை அன்று ஒரு பாட்டம் திட்டினார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

தண்ணீர், உரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண் கூடவே கூடாது. கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு இவைதான் தொட்டியில். வேர் வெள்ளி நிறத்தில் வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. காலையில்தான் ஊற்ற வேண்டும். பட்டாம்பூச்சியின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், துணியால் ஒற்றி எடுங்கள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து விடுகிறேன். 19:19:19 உரம் ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன், வாரம் ஒரு முறை, ஈர வேரின்மேல் மட்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஊட்டி, கொடைக்கானல் போனால் சிம்பீடியம் என்று ஒரு ஆர்க்கிட் கொள்ளை அழகாக இருக்கும். பூங்காம்பு விட அதற்கு ராத்திரி 10 முதல் 13 டிகிரி குளிர் வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் அதைப் பார்த்து ரசித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். காட்டு மரத்திலிருந்து பிடுங்கி வந்து விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். அது சட்டப்படி தப்பு, செடியும் பிழைக்காது.

பங்குனி முதல் வாரம் மிச்சமிருந்த ஐந்து மொட்டில் முதலாவது விரிந்தது. மாமியார் என்னிடம் போனைக் கொடுத்துப் போட்டுத் தரச் சொன்னார். "உன் செடி பூத்திருக்கு, வந்து பாத்துட்டுப் போ" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கு என் வாய் அப்படிப் பேசிடுச்சு" என்றார். மறுமுனையில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர், "அப்புறம் உங்கள் நாத்தனாருக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கடிதம் எழுதக்கூடும். எழுதாதீர்கள். செடி பூத்தது வெளிச்சத்தாலும் குளிர்ச்சியாலும். அவள் வாழ்க்கை அவளுடையது, அதைக் கேட்க நாம் யார்? ஒன்பது வருஷமாகப் பார்க்கிறவர்களெல்லாம் அவளிடம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

அந்த வாரக் கடைசியில் வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு ஒன்றில் மேல்கணுவில் சின்னக் கன்று முளைத்து, வேர் இரண்டு அங்குலத்துக்குமேல் வளர்ந்திருந்தது. அதைப் பிரித்து, கரியும் மட்டையும் போட்டு, சின்ன மண் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனாளாம்.

போன வாரம் போன் செய்தாள். "அண்ணி, பால்கனியில தாளை வெச்சுக் கையை நீட்டிப் பாத்தேன். நிழலே விழல. எதிர்ல வேப்ப மரம் மறைக்குது." மரத்தை ஒன்றும் செய்ய வேண்டாம், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு முழம் முன்னால் நகர்த்தி வைத்து, நாளைக்கு மறுபடியும் கையை நீட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.